பியேர் லோத்தி: கப்பல் அதிகாரி எழுதிய நாவல்கள் – காரைக்கால் பக்கத்திலிருந்து ஒரு வாசிப்பு

அரசலாற்றங்கரை

காரைக்காலில் பிரெஞ்சு என்றால் பென்ஷன், பாஸ்போர்ட், சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தார்) வீடு, பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14. இதோடு பேச்சு முடிந்துவிடும். பிரெஞ்சு இலக்கியம் பக்கம் யாரும் போவதில்லை. அந்தக் குறையில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். சில வருஷமாக விடாமல் படித்துவரும் பியேர் லோத்தியைப் பற்றி இங்கே மனம்விட்டுப் பேச ஆசை.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்கு: இயற்பெயர் லூயி மரி ஜூலியன் வியோ. 1850 ஜனவரி 14 அன்று ரோஷ்ஃபோர் என்ற ஊரில் பிறந்தார். பிரான்சின் மேற்குக் கரையோரம், கடற்படைத் தளமும் கப்பல் கட்டும் துறையும் இருந்த ஊர். அப்பா நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1866இல் அங்கே பணம் காணாமல் போன விவகாரத்தில் பழி அவர் மேல் விழுந்து சிறைக்கும் போனார். 1868இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. கடன் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

அந்தப் பழி விழுவதற்கு முந்தைய வருஷம், 1865இல், இன்னொரு அடி. பதினைந்து வயது தம்பி உயிராக நேசித்த அண்ணன் குஸ்தாவ் கடற்படை மருத்துவர். இந்தோசீனாவிலிருந்து நோயோடு ஊர் திரும்பும்போது கப்பலிலேயே இறந்துபோனார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். எந்தக் கடல்? வங்காள விரிகுடா. நம் அரசலாறு போய்ச் சேரும் கடல். அதைப் படித்த அன்று இந்த மனிதர் எனக்கு அந்நியர் இல்லை என்று ஆகிவிட்டது.

அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகும் தம்பி 1867இல் கடற்படைப் பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். 1872இல் ஈஸ்டர் தீவு, தாஹித்தி. அங்கே கிடைத்த செல்லப்பெயர்தான் 'லோத்தி', ஒரு பூவின் பெயர். தீவுகளில் வரைந்த படங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்துச் சம்பாதித்தார். சம்பளத்தோடு சேர்த்து அதுவும் வீட்டுக் கடனுக்குப் போனது. 1879இல் முதல் நாவல் 'அஸியாதே', ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. பணியில் இருக்கும் அதிகாரி தன் பெயரில் இப்படி எழுதினால் சிக்கல். 1886இல் 'ஐஸ்லாந்து மீனவன்'. 1891இல் புகழ்பெற்ற நாவலாசிரியர் எமில் ஸோலாவை முந்திக்கொண்டு, எழுத்தாளர்களுக்குப் பெரிய கௌரவமான பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானார். அப்போது வயது 41.

இவரைக் 'கடற்படையிலிருந்து எழுத்துக்கு வந்தவர்' என்று சொல்வது வழக்கம். எனக்கு அது ஒட்டவில்லை. அகாதெமி நாற்காலி கிடைத்த பிறகும் கப்பலை விடவில்லை. 1898இல் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள்; அரசு நிர்வாக நீதிமன்றத்தில் வழக்காடி மறுவருஷமே வேலையைத் திரும்ப வாங்கினார். 1910 வரை சீருடை. முதல் உலகப் போர் மூண்டதும் 64 வயதில் தானாகப் போய்ச் சேர்ந்தார். ஆக, இரண்டு தொழிலும் ஒரே சமயத்தில் ஓடின. என் கட்சி இதுதான்: கப்பலாளாக, கூட வேலை செய்தவர்களைப் பற்றி எழுதிய இடங்களில் லோத்தி பெரிய எழுத்தாளர். துறைமுகத்தில் இறங்கி, இரண்டு மாசம் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி எழுதிய இடங்களில் அவ்வளவு இல்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

நாகூர் மாலுமி

நானா, நீங்க சொன்ன முதல் பாதியை நான் அப்படியே ஒத்துக்கிறேன். நான் மெர்ச்சன்ட் நேவியில செகண்ட் ஆபிசர். எனக்கு 12–4 வாட்ச். ராத்திரி பன்னிரண்டுல இருந்து நாலு வரைக்கும் பிரிட்ஜ்ல நானும் ஒரு லுக்கவுட்டும் மட்டும்தான். ரேடார், சார்ட், லாக் புக். லாக் புக்ல காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, வானம் எப்படின்னு எழுதியே ஆகணும். ரெண்டு வரிக்குள்ள முடிக்கணும், அலங்காரம் கூடாது.

லோத்தி இங்கிலீஷ்ல கிடைச்சது ரெண்டு புத்தகம் படிச்சிருக்கேன். கடல் வர்ற இடத்துல எல்லாம் அந்த வாட்ச் ஆபிசர் தெரியிறார். மூடுபனின்னா எவ்வளவு தூரம் கண்ணு எட்டுது, சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தோணுது, வெளிச்சத்தோட நிறம் மணிக்கு மணி எப்படி மாறுது – கரையில உட்கார்ந்து இதை யாரும் கற்பனை பண்ணி எழுத முடியாது. அவர் சின்ன வயசுல இருந்து 1918 வரைக்கும் டைரி எழுதினாராமே. நாவல்ல பாதி அந்த டைரியில இருந்து வந்ததுன்னு முன்னுரையில போட்டிருந்தது.

இன்னொண்ணு. கப்பல்காரனுக்கு ஒவ்வொரு போர்ட்டும் 'போயிட்டு வரேன்'தான். அவரோட எல்லாக் கதையும் பிரிவுலதானே முடியுது? அதைச் சில பேர் ஒரே பாட்டையே பாடுறார்னு குறை சொல்றாங்க. சைன் ஆஃப் ஆகி வீட்டுக்கு வந்து, மறுபடி பெட்டி கட்டுற நாள்ல வாசல்ல நிக்கிற உம்மா முகத்தைப் பார்த்தவனுக்கு அது குறையாத் தெரியாது.

குடவாசல் வாசகி

பிரிவு சரி. யாரை விட்டுப் பிரிகிறார் என்றும் பார்க்க வேண்டாமா?

இஸ்தான்புல்லில் ஒரு பெண், தாஹித்தியில் ஒரு பெண், 1885இல் நாகசாகியில் மாச வாடகைக்குப் பேசி முடித்த ஒரு 'கல்யாணம்'. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண், ஒரு நாவல். 'மதாம் கிரிஸான்தேம்' படித்தேன். அந்த ஜப்பானியப் பெண் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவர் மெனக்கெடவே இல்லை. பொம்மை, பூனைக்குட்டி என்கிற ரீதியில்தான் முழுப் புத்தகமும். அந்தக் கதைதான் கைமாறிக் கைமாறி, மேடையில் 'மதாம் பட்டர்ஃபிளை' என்கிற இசைநாடகம் உருவாவதற்கும் ஒரு காரணமானது. உலகம் முழுக்க ஆசியப் பெண் என்றால் காத்திருந்து அழிபவள் என்கிற பிம்பத்தில் இவருக்குப் பங்கு இருக்கிறது.

பிறகு, அந்த ஈஸ்டர் தீவுப் பயணம். 1872இல் அவர் போன கப்பல் அங்கிருந்து ஒரு கல்சிலையின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தது. இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இளம் அதிகாரி லோத்தி அந்தக் காட்சியைப் படமாக வரைந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து வெளியே வந்து, கடத்தப்பட்டு, லண்டன் நீதிமன்றம் வரை போய், 1991இல்தான் திரும்பினார். அந்த ஊர்க்காரியாக இதைப் படிக்கும்போது எழுத்தழகு என் கண்ணில் படாது. கோபம்தான் வருகிறது.

அரசலாற்றங்கரை

அக்கா, 'மதாம் கிரிஸான்தேம்' விஷயத்தில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. நான் பலவீனம் என்று சொன்னதும் அந்த வகையைத்தான்.

ஆனால் 1883ஐயும் கணக்கில் சேருங்கள். வியட்நாமில் ஹுவே நகரத்துக்குக் காவலாக, ஆற்று முகத்தில் துவான் ஆன் கோட்டைகள். அந்த ஆகஸ்டில் அட்மிரல் கூர்பேயின் கப்பல்கள் அவற்றைக் குண்டு வீசித் தகர்த்தன. லோத்தி 'அத்தலாந்த்' கப்பலில் இருந்தார். நடந்ததை எழுதி 'ஃபிகாரோ' நாளிதழுக்கு அனுப்பினார். தப்பி ஓடியவர்களைப் பிரெஞ்சு மாலுமிகள் சுட்டுத் தள்ளியதும், காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கொன்றதும் ஒளிவுமறைவில்லாமல் அதில் வந்தது. பாரிஸில் பெரிய அமளி. லோத்தியை உடனே ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்கிற நிலை.

அவர் போரை எதிர்த்து எழுதவில்லை என்பதும் உண்மை. மாலுமிகள் மேல் அவருக்குப் பாசம், பாசத்தோடுதான் எழுதினார். ஆனால் கண்ணால் பார்த்ததும், கூட இருந்தவர்கள் சொன்னதும் எதுவோ அதைத் திருத்தாமல் வைத்தார். நாகூர்த் தம்பி சொன்ன அந்த லாக் புக் பழக்கம் இங்கேதான் ஓர் எழுத்தாளனுக்கு முதுகெலும்பாக நிற்கிறது. கொள்கைக்காக எழுதியவர்கள்கூட அந்த வருஷம் இவ்வளவு சொல்லவில்லை.

திருப்பட்டினம் ஆசிரியர்

நல்ல இழை. ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன்.

துவான் ஆன் சண்டை நடந்தது 1883. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1881இல், நம் பக்கத்து மக்கள் தங்கள் சொந்த (மத, சாதி வழக்கப்படியான) சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை வந்தது. அப்படித் துறந்தவர்கள் பலர் அடுத்தடுத்த காலத்தில் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். குமாஸ்தா, போலீஸ், சுங்கம், பட்டாளம். என் பாட்டி வீட்டில் 'சைகோன் பெட்டி' என்று ஒரு மரப்பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் கற்பூர மணம். சைகோன் அதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர் கையில்தான்; அந்தப் பெட்டி வந்த வழியை இன்னும் அகலமாக்கியது அந்தக் குண்டுவீச்சு. லோத்தியின் கட்டுரையைப் படிக்கும் காரைக்கால்காரர் தம்மை வெறும் பார்வையாளராக வைத்துக்கொள்ள முடியாது. நம் தாத்தாக்கள் அந்த அரசாங்கத்தின் சம்பளத்தில் அந்த நாட்டில் இருந்தார்கள். இதை இங்கே யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும்.

இன்னொரு நாவலையும் விட்டுவிடாதீர்கள்: 1897இல் வந்த 'ராமுன்ச்சோ'. ஸ்பெயின் எல்லையில் பிதஸோவா ஆற்றில் ஒரு சிறு காவல் படகுக்கு லோத்தி தலைமை. எல்லையைக் காப்பது வேலை. எழுதிய கதையோ, ராத்திரியில் ஆறு தாண்டும் கடத்தல்காரப் பையனைப் பற்றி, அதுவும் அவன் பக்கம் நின்று. பிரெஞ்சுக் காலத்தில் நம் ஊர் எல்லையைச் சுற்றிச் சுங்கக் காவல் இருந்தது. வாஞ்சூர்ப் பக்கம் வயல் வரப்பில் இருட்டில் நடந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நாவலில் வரும் பையன்களின் நடை, மூச்சை அடக்குவது, நாய் குரைத்ததும் நிற்பது எல்லாம் எனக்குத் தெரிந்த நடை.

அக்கரைப்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். நான் இதுவரை இவரைப் படிச்சதில்ல. மீனவனைப் பத்தின நாவல்னு சொன்னதால கேக்குறேன். அது நிஜமாவே மீன்பிடி தெரிஞ்சவர் எழுதினதா, இல்ல கரையில நின்னு அழகு பாத்து எழுதினதா? எங்களப் பத்தி வர்ற கதை நிறைய ரெண்டாவது வகைதான். அதான்.

அரசலாற்றங்கரை

தம்பி, நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

பிரான்சின் வடமேற்கில் பிரெத்தாஞ். அங்கே பைம்போல் என்ற துறைமுகம். 1852 முதல் 1935 வரை அங்கிருந்து ஆண்டுதோறும் பாய்மரக் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடலுக்குக் காட் மீன் பிடிக்கப் போயின. குளிர்காலம் முடியும்போது கிளம்பினால் கோடை கடைசியில்தான் திரும்பல். வலை கிடையாது, கைத்தூண்டில். கோடையில் அங்கே ராத்திரியிலும் இருட்டவே இருட்டாது. இரவு பகல் முறை வைத்து நின்றுகொண்டே இழுப்பார்கள். அந்த எண்பது சொச்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் திரும்பவில்லை. பக்கத்து ஊரான ப்ளூபஸ்லனெக் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் கப்பல் கப்பலாகப் பெயர்கள் இருக்கின்றன.

லோத்தி மீன்பிடித்தவர் இல்லை. ஆனால் அவர் கப்பல்களில் மாலுமிகளாக இருந்தவர்களில் பலர் பிரெத்தாஞ் பையன்கள். வருஷக்கணக்கில் அவர்களோடு ஒரே கப்பலில் வாழ்ந்து, விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கி எழுதினார். அவர்களில் ஒருவரை வைத்து 1883இலேயே 'என் சகோதரன் ஈவ்' என்று ஒரு நாவல் வந்துவிட்டது. அதிகாரிக்கும் மாலுமிக்கும் நடுவில் இருந்த சுவர் அந்தக் காலத்தில் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால், அந்தத் தலைப்பே எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

'ஐஸ்லாந்து மீனவன்' நாவலில் ஒரு காட்சி சொல்கிறேன். மோவான் பாட்டி. மகன்கள், பேரன்கள் எல்லாரையும் கடலுக்குக் கொடுத்தவள். மிச்சம் ஒரே பேரன் சில்வெஸ்தர். அவனைக் கடற்படைச் சேவைக்கு எடுத்து வியட்நாம் சண்டைக்கு அனுப்பிவிடுகிறார்கள். குண்டடி பட்டு, ஊர் திரும்பும் வழியில் கப்பலில் சாகிறான். சிங்கப்பூரில் புதைக்கிறார்கள். பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. கடற்படை அலுவலகத்திலிருந்து வரச்சொல்லி ஆள் வருகிறது. பேரன் சம்பளம் சம்பந்தமாக இருக்கும் என்று நல்ல உடுப்பும் வெள்ளைத் தலைக்கட்டும் போட்டுக்கொண்டு பைம்போலுக்கு நடக்கிறாள். மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன குமாஸ்தா. ஆவணத்தில் உள்ளபடி பெயர், பதிவு எண், இறந்த தேதி என்று படிக்கிறான். அவளுக்கு அந்தப் பாஷை பிடிபடவில்லை. 'செத்துட்டானா?' என்று கேட்கிறாள். பிறகு அவன் சாமான் விற்ற காசையும் மெடலையும் எண்ணிக் கொடுக்கிறார்கள். வீதியில் யார் முன்னாலும் அழக்கூடாது என்று நிமிர்ந்து நடக்கிறாள். நடை தள்ளாடுகிறது, தலைக்கட்டு சரிகிறது. தெருப்பையன்கள் கிழவி குடித்துவிட்டாள் என்று நினைத்துக் கேலி செய்துகொண்டே பின்னால் வருகிறார்கள்.

இதில் உபமானம் இல்லை, வர்ணனை இல்லை. அந்தக் கடற்படையின் உள்ளே வேலை செய்த ஒருவருக்குத்தான் அந்தக் குமாஸ்தாவின் குரல் தெரிந்திருக்கும்.

அக்கரைப்பேட்டை

படிச்சேன் அண்ணே. சரியா இருக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்க ஊர்ல செத்தவங்க லிஸ்ட் படிச்சாங்க. பேரு, அப்பா பேரு, வயசு. படிக்கிறவருக்கும் கஷ்டம்தான், ஆனா அந்தக் குரல் அப்படித்தான் இருக்கும். இதை எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நாகூர் மாலுமி

சிங்கப்பூர்னு வந்ததும் எனக்கு ரஜுலா கப்பல்தான் ஞாபகம். நாகப்பட்டினத்துல ஏறி பினாங்கு, சிங்கப்பூர் போனவங்க எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர். திரும்பாம அங்கேயே அடங்கினவங்களும் உண்டு. மோவான் பாட்டி மாதிரி ஒரு மூமா எங்க குடும்பத்துலயும் இருந்தாங்க.

பாரிஸ் மருமகள்

திருநள்ளாறு பொறந்த வீடு, கல்யாணமாகி இப்போது பிரான்ஸ். ரோஷ்ஃபோரில் அவர் வீடு ரொம்ப வருஷம் பூட்டியே கிடந்தது. 2012இல் மூடியது, 2025இல்தான் பழுதுபார்த்துத் திரும்பத் திறந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டு வந்தோம்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தெருவீடு. உள்ளே ஒரு துருக்கி அறை, கோதிக் மண்டபம், மாடியில் ஒரு மசூதியே இருக்கிறது! அதன் மரக்கூரை டமாஸ்கஸிலிருந்து வந்தது. அங்கேயெல்லாம் வேஷம் கட்டி விருந்து வைப்பாராம். 1888இல் விருந்தாளிகள் அத்தனை பேரும் 15ஆம் நூற்றாண்டு உடுப்பில் வந்து, அந்தக் காலத்துச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு மறக்காதது அவர் படுக்கை அறை. இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவில் வெள்ளையடித்த சுவர், இரும்புக் கட்டில், அவ்வளவுதான். சாமியார் அறை மாதிரி, கப்பல் கேபின் மாதிரி. வழிகாட்டிப் பெண் அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அரசலாற்றங்கரை சார் சொல்கிற அந்த இரண்டு லோத்தியும் ஒரே வீட்டில் எதிரெதிர் அறையில் குடியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

குடவாசல் வாசகி

அந்த மசூதி அறையில் ஒரு கல்லறைக் கல் பார்த்தீர்களா? 'அஸியாதே' நாவலுக்கு மூலமான பெண்ணின் கல்லறைக் கல். பின்னாளில் அசலை எடுத்துக்கொண்டு, இஸ்தான்புல்லில் நகலை வைத்துவிட்டு வந்தார். காதல் என்று எழுதுகிறார்கள். இறந்தவளின் தலைமாட்டுக் கல்லை எடுத்துப் போக யார் அனுமதி கொடுத்தது? மோவான் பாட்டி காட்சி என்னையும் உலுக்கியது, மறுக்கவில்லை. அதை எழுதிய கைதான் இதையும் செய்தது.

துருக்கிமேல் வைத்த பாசத்தில் 1918இல் ஆர்மீனியப் படுகொலைகளைப் பற்றித் துருக்கி அரசின் பக்கம் நின்று எழுதினார். துவான் ஆனில் இருந்த அந்தக் கண் அங்கே எங்கே போயிற்று?

அரசலாற்றங்கரை

அங்கே அவர் பார்க்கவில்லை, அக்கா. நேசித்த நாடு என்பதால் பார்க்க மறுத்தார். அந்தப் புத்தகத்தை நான் எங்கும் தாங்கிப் பேச மாட்டேன்.

நம் ஊருக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதே குறைதான். 1899 கடைசியில் புறப்பட்டு, இலங்கை, திருவிதாங்கூர், மதுரை, ஸ்ரீரங்கம், புதுச்சேரி என்று போய்க் காசியில் முடிகிற பயணம். 1903இல் வந்த நூலின் தலைப்பு 'இந்தியா – ஆங்கிலேயர் இல்லாமல்'. நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்கிற பிடிவாதம். ஸ்ரீரங்கத்தில் தேர் ஓட்டத்தைப் பார்க்கிறார். கூட்டம், வடம், ஒளி, நிறம் – எல்லாம் பிரமாதம். ஆனால் வடம் பிடித்தவர் ஒருவரோடும் அவர் பேசியதாகத் தெரியவில்லை. பிரெத்தாஞ் மாலுமிகளிடம் இருந்த உறவு இங்கே இல்லை. பாஷை இல்லை, கூட வேலை செய்த நாட்கள் இல்லை. காவிரிக்கரையை அவர் ஒரு கனவாக்கிவிட்டுப் போய்விட்டார். விதிவிலக்கு, வடக்கே பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து எழுதிய பக்கங்கள். அங்கே பழைய அதிகாரி திரும்ப வந்துவிடுகிறார்; ரயிலடியில் கையேந்தி நிற்கும் குழந்தைகளின் விலா எலும்பு வரை எழுதுகிறார்.

திருப்பட்டினம் ஆசிரியர்

இந்தக் குறையை அன்றே இன்னொரு கடற்படைக்காரர் பிடித்துவிட்டார். விக்தோர் செகலென், கடற்படை மருத்துவர். 1903இல் தாஹித்திக்குப் போனவர், 1907இல் அந்தத் தீவு மக்களின் பக்கத்திலிருந்தே, அவர்கள் நினைவு அழிவதைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். வந்து இறங்கிய வெள்ளைக்காரனின் சோகத்தை எழுதியது போதும், இறங்கப்பட்ட மண்ணுக்கு என்ன ஆனது என்று எழுதுவோம் என்கிற நோக்கம். லோத்திக்கு ஒரே கடற்படைக்குள்ளிருந்து வந்த பதில். வாசகி அம்மா அவரைப் படித்தால் மகிழ்வார்.

குடவாசல் வாசகி

நன்றி ஐயா, தேடிப் படிக்கிறேன். லோத்தியில் 'ஐஸ்லாந்து மீனவன்' முழுதும் படிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் கோபம் அப்படியே இருக்கும்.

அக்கரைப்பேட்டை

தமிழ்ல கிடைக்குமா அண்ணே? எங்க பக்கம் பிரெஞ்சு தெரியாது, இங்கிலீஷும் கொஞ்சம்தான்.

அரசலாற்றங்கரை

தம்பி, லோத்தி 1923 ஜூன் 10இல் இறந்தார். நூறு வருஷம் தாண்டிவிட்டது, உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. மோவான் பாட்டி அத்தியாயத்தை நானே நேராகப் பிரெஞ்சிலிருந்து தமிழில் செய்ய ஆரம்பித்துவிட்டேன். கடலும் கப்பலும் வரும் இடங்களில் சொற்களுக்கு நாகூர்த் தம்பியும் நீங்களும் கைகொடுக்க வேண்டும். பாய், கொம்பு, தூண்டில் கயிறு, மீனை அறுத்து உப்புப் போடும் வேலை – இதற்கெல்லாம் அகராதிச் சொல் வேண்டாம், அக்கரைப்பேட்டையில் சொல்கிற சொல்தான் வேண்டும். அடுத்த பதிவில் முதல் நான்கு பக்கம் போடுகிறேன்.

அக்கரைப்பேட்டை

போடுங்க. தடைக்காலம்தான், படகு கரையிலதான் கெடக்கு. எங்க பெரியப்பாவையும் உட்கார வச்சுப் படிச்சுக் காட்டுறேன். அவர் தூண்டில் தொழில் பாத்தவர்.